பறங்கிப்புண்: ஒரு பழைய நோய்ப்பெயரும் சில கேள்விகளும்

பறங்கிப்புண் என்ற பெயரைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று அறிவித்திருந்தேன். நினைத்ததைவிட நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. தோல், பால்வினை நோய்ப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பழைய அகராதிகளையும் வைத்தியப் பாடல்களையும் புரட்டிக்கொண்டு காலம் போகிறது.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கை. பழைய நோய்ப்பெயருக்கும் இன்றைய நோய்ப்பெயருக்கும் நடுவே சமன்குறி போடாதீர்கள். பழைய பாட்டில் உள்ள மருந்தை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். இரண்டையும் இன்னும் பல தடவை சொல்வேன், சலித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர்): பறங்கிப்புண் என்றால் சிபிலிஸ்தானே? ஏன் "பறங்கி"?

பெரும்பாலும் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்தான். ஆனால் "தானே" என்று முடித்துவிட முடியாது, ஏன் என்பது கீழே வரும். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

ஐரோப்பாவில் பிராங்க் என்றொரு ஜெர்மானிய இனம் இருந்தது. சிலுவைப் போர்க் காலத்தில் அராபியர்கள் மேற்கிலிருந்து வந்த எல்லாரையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். அரபியில் இஃப்ரஞ்சு, பாரசீகத்தில் ஃபரங்கு, "ஃபரங்கு நாட்டவன்" என்பதற்கு ஃபரங்கி. நமக்கு ஃப ஒலி கிடையாது, பறங்கி ஆகிவிட்டது. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபோது, அராபிய வணிகர்கள் வழியாக அந்தப் பெயர் ஏற்கெனவே கரையில் காத்திருந்தது. போர்த்துகீசியருக்கும் பிராங்குகளுக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் விசாரிக்கவில்லை.

நோயின் கதையும் அதே சமயத்தில் ஓடுகிறது. பிரான்ஸ் மன்னன் எட்டாம் சார்லஸின் படை 1495-ல் நேப்பிள்ஸைப் பிடித்தபோது, சிப்பாய்களிடையே அதுவரை கேள்விப்படாத ஒரு நோய் வெடித்தது. உடம்பெல்லாம் புண், எலும்பு வரை வலி. படை கலைந்து அவரவர் ஊருக்குப் போனார்கள், நோயும் கூடவே போனது. மூன்றே வருஷத்தில் போர்த்துகீசியக் கப்பல்கள் மலபாரில். 1510-ல் கோவா அவர்கள் கையில். அப்புறம் நாகப்பட்டினம், சாந்தோம் என்று சோழமண்டலக் கரை.

ஆக, புதிய ஆட்களும் புதிய புண்ணும் ஒரே தலைமுறையில் வந்து சேர்ந்தன. பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்.

அந்தப் பெயரில் வெறும் பூகோளம் மட்டும் இல்லை. 1606-ல் ராபர்ட்டோ டி நோபிலி மதுரைக்கு வந்தபோது அங்கே நிலைமை என்ன தெரியுமா? மதம் மாற வருகிறவனிடம் "பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா?" என்று கேட்டுத்தான் திருமுழுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மதுரையில் பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன். யார் சேருவார்? நோபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, "நான் பறங்கி அல்ல" என்று ஓலையில் எழுதியே அறிவிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு ஏச்சு ஏறிய சொல்லைத்தான் எடுத்து ஒரு புண்ணுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்ட 17-ம் நூற்றாண்டுக்காரர் காதில் "ஐரோப்பியப் புண்" என்று விழுந்திருக்காது, "அந்தப் பயல்களுடைய புண்" என்றுதான் விழுந்திருக்கும்.

கேள்வி (தமிழாசிரியர்): பரங்கியா, பறங்கியா? எது சரி?

இரண்டும் வழக்கில் உண்டு. மூலச்சொல்லில் இருப்பது நம் இடையின ரகரத்துக்கு நெருங்கிய ஒலி. ஆனாலும் தமிழிலும் மலையாளத்திலும் வல்லின றகரம் ஊன்றிவிட்டது. ஊர்ப்பெயர்களில் பரங்கிப்பேட்டை, பரங்கிமலை என்று ரகரம். நான் ஆளுக்கும் நோய்க்கும் ற போடுகிறேன், ஊருக்கு ர. இதில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை என்றுதான் எழுத வந்தேன், ஆனால் கீழே ஒரு விவாதத்தில் இந்த ற முக்கியமாகிவிட்டது. பாருங்கள்.

கேள்வி (இல்லத்தரசி): பறங்கிக்காய்க்கும் இதே பறங்கிதானா?

அதேதான் அம்மா. மஞ்சள் பூசணி அமெரிக்கக் கண்டத்துக் காய். கப்பலில் வந்ததால் அந்தப் பெயர். மலையாளத்தில் முந்திரி மரம் பறங்கிமாவு. கன்னடத்தில் பப்பாளி பரங்கி ஹண்ணு. அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்த எதற்கும் ஒட்ட இது ஒரு வசதியான முன்னொட்டு. நோய்க்கும் காய்க்கும் வேறு தொடர்பு கிடையாது.

கேள்வி (வங்கி ஊழியர்): நம்மவர்கள் மட்டும்தான் இப்படி வெள்ளைக்காரன் மேல் பழி போட்டார்களா?

உலகமே போட்டது. எனக்கு இந்த நோயில் மிகப் பிடித்த பகுதி (நோயில் பிடித்த பகுதி என்று சொல்வது அசிங்கம்தான், மன்னியுங்கள்) இதுவே. இத்தாலியரும் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ரஷ்யருக்கு அது போலந்து நோய், போலந்துக்காரருக்கு ஜெர்மன் நோய், போர்த்துகீசியருக்குக் காஸ்டிலிய நோய், அதாவது பக்கத்து வீட்டு ஸ்பெயின்காரன் நோய். துருக்கியில் இன்றும் ஃப்ரெங்கி, நம் பறங்கியின் சொந்தத் தம்பி. ஜப்பானியர் சீனப்புண் என்றார்கள். சீனர்களோ வெளிநாட்டைக்கூடத் தேடவில்லை, தெற்கே இருக்கும் கான்டன் மேல் தள்ளிவிட்டார்கள்.

வடக்கே சமஸ்கிருதத்தில் பாவமிசிரர் 16-ம் நூற்றாண்டில் எழுதிய பாவப்பிரகாசம் என்ற மருத்துவ நூலில் "பிரங்க ரோகம்" வருகிறது. பிரங்கம் என்னும் தேசத்தில் மிகுதியாக இருப்பதால் இந்தப் பெயர் என்று காரணமும் சொல்கிறார். பிரங்கியரோடு உடல் தொடர்பால் வருவது, வெளியிலிருந்து தொற்றுவது என்று வகைப்படுத்துகிறார். வாத பித்தத்தில் மட்டும் காரணம் தேடிக்கொண்டிருக்காமல், தொற்று என்று அவர் பார்த்திருப்பதைக் கவனியுங்கள்.

சிபிலிஸ் என்ற பெயர் மட்டும் யாரையும் குத்தவில்லை. வெரோனா மருத்துவர் பிராகாஸ்டோரோ 1530-ல் வெளியிட்ட லத்தீன் கவிதையில் சிபிலஸ் என்று ஒரு ஆட்டிடையன், சூரிய தேவனைப் பழித்து இந்த நோயை வாங்கிக் கட்டிக்கொள்கிறான். கற்பனை இடையன் என்பதால் ஆட்சேபிக்க ஆளில்லை. அந்தக் கவிதையின் தலைப்பிலும் "அல்லது பிரெஞ்சு நோய்" என்ற பின்னொட்டு உண்டு.

கேள்வி (பெயர் சொல்ல விரும்பாதவர்): எனக்கு வலியில்லாத ஒரு புண் வந்து தானாக ஆறிவிட்டது. பறங்கிப்பட்டை சூரணம் சாப்பிடலாமா?

நாளைக் காலையில் அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். வலியில்லாமல் வந்து தானாக ஆறுவதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. ஆறியது புண், கிருமி அல்ல. ரத்தப் பரிசோதனை செய்வார்கள். ஆரம்ப நிலையாக இருந்தால் பென்சாத்தின் பென்சிலின் ஒரே ஊசி போதும், 24 லட்சம் யூனிட். துணைவருக்கும் பரிசோதனை வேண்டும். இங்கே காத்திருக்காதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): எங்கட அம்மம்மா "பறங்கி வருத்தம்" எண்டு சொல்லுவா. சின்னப் பிள்ளையளுக்கும் அது வந்ததாம். அப்ப அது எப்பிடிச் சிபிலிஸ் ஆகும்?

இந்தக் கேள்விக்காகவே இந்த அமர்வை நடத்தலாம். உங்கள் அம்மம்மா சொன்னது சரி. அது சிபிலிஸ் அல்ல.

இலங்கையில், சிங்களத்திலும் தமிழிலும், பறங்கி என்றால் பெரும்பாலும் யாஸ் என்ற வேறொரு நோய். 19-ம் நூற்றாண்டில் வன்னியிலும் வட மத்திய மாகாணத்துக் காட்டுக் கிராமங்களிலும் அது பரவிக் கிடந்தது. இலங்கை அரசின் தலைமை மருத்துவ அதிகாரி கின்சி 1881-ல் "பறங்கி நோய்" என்ற பெயரிலேயே அறிக்கை எழுதினார். கை கால்களில் ராஸ்பெரிப் பழம்போல் சிவந்த, கசியும் முண்டுகள். உள்ளங்காலில் வந்தால் நடக்க முடியாது. வருஷங்கள் கழித்து எலும்பு வளையும். பிள்ளைகளிடம்தான் அதிகம், தோலோடு தோல் பட்டுத் தொற்றும். பால்வினைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் இரண்டு நோயின் கிருமிகளும் உறவினர்கள். 1905-ல் பெர்லினில் சவுதினும் ஹோஃப்மனும் சிபிலிஸ் கிருமியைக் கண்டார்கள். அதே 1905-ல் கொழும்பில் காஸ்டெல்லானி யாஸ் புண்ணில் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு திருகு கிருமியைக் கண்டார். நுண்ணோக்கியில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ரத்தப் பரிசோதனையிலும் பிரிக்க முடியாது. சின்ன வயதில் யாஸ் வந்த ஒரு கிழவிக்குப் பிற்காலத்தில் சிபிலிஸ் பரிசோதனை செய்தால் "உண்டு" என்று வரலாம். அந்தத் தாளைப் பார்த்து ஒரு குடும்பம் என்னவெல்லாம் நினைத்திருக்கும்? என் பிரிவிலேயே, யாஸ் இருந்த மலைப்பகுதியிலிருந்து வந்த ஒரு பாட்டியின் மகன் அந்தத் தாளோடு என் முன்னால் தலைகுனிந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. அவர் தலையை நிமிர்த்த எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

இந்தியாவிலும் யாஸ் பழங்குடிப் பகுதிகளில் இருந்தது. 2003-க்குப் பிறகு புதிய நோயாளி இல்லை. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

ஆக, பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் பறங்கிப்புண் ஒரு நோய், அந்தப் பக்கம் பறங்கி இன்னொரு நோய். சமன்குறி போடாதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான். இன்னொன்று: இலங்கையில் பறங்கியர் என்பது இன்று வாழும் ஒரு சமூகத்தின் பெயர். நோயைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி (இளைஞர்): சார், பறங்கிக்காய் என்ற பெயரும் இதிலிருந்து வந்ததா?

மேலே சொல்லியாயிற்று.

கேள்வி (சித்த மருத்துவ மாணவி): எங்கள் பாடத்தில் மேகநோய், கிரந்தி, வெட்டை, அரையாப்பு என்று பல பெயர்கள். பறங்கிப்புண் இதில் எது? மேகத்துக்கும் மழை மேகத்துக்கும் தொடர்பு உண்டா?

கடைசியிலிருந்து வருகிறேன். தொடர்பு இல்லை. வடமொழியில் மழைமேகம் "மேக" (ஒலிப்பில் அழுத்தமான க), நோய் "மேஹ", சிறுநீர் கழிப்பது என்று பொருள். இரண்டையும் நாம் ஒரே ககரத்தில் எழுதினோம், வானத்து மேகமும் மூத்திர மேகமும் ஒன்றாகிவிட்டன.

நோய் மேகம் ஒரு பெரிய மூட்டை. மதுமேகம் என்றால் நீரிழிவு. மேகவெட்டை என்றால் பெரும்பாலும் இன்றைய கொனோரியா. மேகப்புண் என்று பள்ளிப் பாடநூல்களில் சிபிலிஸுக்குப் போடுகிறார்கள். ஒரே சொல்லின் கீழ் சர்க்கரை நோயாளியும் பால்வினை நோயாளியும் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய பாட்டில் வெறும் "மேகம்" என்று வந்தால் எந்த நோய் என்று சூழலை வைத்துத்தான் சொல்ல முடியும், பல சமயம் அதுவும் முடியாது.

கிரந்தி இன்னும் ஆபத்து. பாடநூலில் சிபிலிஸ். ஆனால் வீட்டில் பாட்டி "குழந்தைக்குச் செங்கிரந்தி" என்றால் பச்சைக் குழந்தையின் மேனியில் வரும் செந்தடிப்பு. அந்தக் குழந்தைக்குச் சிபிலிஸ் என்று யாராவது மொழிபெயர்த்து வைத்தால் பாட்டி துடைப்பத்தை எடுப்பாள். அரையாப்பு தெளிவு: தொடையிடுக்கில் நெறி கட்டிப் பழுப்பது. பல நோயில் வரும்.

பழைய வடமொழி மருத்துவ நூலான சுசுருதத்தில் வரும் உபதம்சத்தையும் சிலர் சிபிலிஸ் என்று மொழிபெயர்க்கிறார்கள். அது பிறப்புறுப்பில் வரும் பலவகைப் புண்களுக்குப் பொதுப்பெயர். பாவமிசிரர் உபதம்சத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டே பிரங்க ரோகத்துக்குத் தனி இடம் கொடுத்தார் என்றால், அவர் கண்ணுக்கே இது புதுசு.

கேள்வி (சுவடி வைத்திருக்கும் அன்பர்): எங்கள் தாத்தா வைத்தியர். அவர் விட்டுப்போன சுவடியில் அகத்தியர் வாக்காக வரும் பாட்டில் பறங்கிப்பட்டை இருக்கிறது. அகத்தியர் காலம் எங்கே, போர்த்துகீசியன் காலம் எங்கே? ஆகவே பறங்கி என்பது வெள்ளைக்காரனைக் குறிக்காது.

நான் அப்படியே திருப்பிப் போடுகிறேன். பறங்கி என்ற சொல் இருப்பதால் அந்தப் பாட்டு 16-ம் நூற்றாண்டுக்குப் பிந்தியது. சொல்லே தேதி முத்திரை.

பறங்கிப்பட்டை என்பது சீனா, ஜப்பான் பக்கம் வளரும் ஒரு முட்கொடியின் கிழங்கு. பறங்கி நாட்டில் விளைவதில்லை, பட்டையும் இல்லை. பெயரில் இரண்டு சொல், இரண்டும் பொய்! கோவாவில் இருந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டா 1563-ல் அச்சிட்ட நூலில், இந்தக் கிழங்கு 1535 வாக்கில் இந்தியாவுக்கு வந்தது, இந்த நோய்க்கு அருமருந்து என்று கொண்டாடினார்கள் என்கிறார். ஐரோப்பாவிலும் அதே பைத்தியம். உடற்கூறியல் மேதை வெசாலியஸ் 1546-ல் இந்தக் கிழங்கைப் பற்றியே ஒரு நீண்ட கடிதம் வெளியிட்டார். பாவமிசிரரும் பிரங்க ரோகத்துக்கு இதைச் சொல்கிறார், "தீவாந்தர வசம்பு" என்ற பெயரில், அதாவது கடல்கடந்த வசம்பு.

(அதே அன்பர்): சோழர் காலத்திலேயே சீனாவோடு வணிகம் இருந்ததே? கிழங்கு அப்போதே வந்திருக்கலாமே?

நல்ல கேள்வி, இப்போதுதான் சுவாரசியம். ஆமாம், 1015-லும் 1077-லும் சோழத் தூதுக்குழுக்கள் சீன அரசவைக்குப் போயிருக்கின்றன. கிழங்கு வந்திருக்க வழி உண்டு. ஆனால் அப்படி வந்திருந்தால் பெயர் என்னவாக இருக்கும்? சீனத்திலிருந்து வந்த பலவற்றுக்கு நாம் சீனப் பெயரே வைத்தோம்: சீனி, சீனாக்காரம். பாரசீகத்திலும் இந்தியிலும் இந்தக் கிழங்கு "சோப்சீனி", சீனக்கட்டை. ஆங்கிலேயரும் சீன வேர் என்றார்கள். அவர்களெல்லாம் சீனா என்கிறார்கள், தமிழோ பறங்கி என்கிறது. ஒன்று பறங்கி கப்பலில் வந்தது, இல்லை பறங்கி நோய்க்கு மருந்து. எப்படியானாலும் பறங்கிக்குப் பிறகு.

(வேறொருவர்): நீங்கள் சித்தர்களை இழிவுபடுத்துகிறீர்கள்.

இல்லை ஐயா. குருவின் பெயரால் பாடுவது நம் மரபு, அது மோசடி அல்ல. யோசித்துப் பாருங்கள்: அதுவரை பார்த்திராத நோய் கரையிறங்குகிறது. நம்மூர் வைத்தியர் ஒருவர் "ஏட்டில் இல்லை" என்று கைகழுவாமல், அந்நியக் கப்பலில் வந்த கிழங்கை வாங்கி, பாலில் வேகவைத்துப் பக்குவம் பார்த்து, பாட்டில் ஏற்றி வைக்கிறார். எவ்வளவு திறந்த மனசு! அவரை ஆயிரம் வருஷம் பின்னால் தள்ளி அகத்தியராக்கினால், அந்த மனிதர் செய்தது அத்தனையும் காணாமல் போகிறது. இழிவு எது?

(அன்பர் மறுபடியும்): பாட்டு பழையது, பிற்காலத்தில் ஏடு எழுதியவர் பழைய பெயரை எடுத்துவிட்டுப் பறங்கி என்று போட்டிருக்கலாம்.

இது நடக்கக்கூடியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஏடு எழுதுகிறவர்கள் தமக்குத் தெரிந்த பெயரை மாற்றிப் போடுவதுண்டு. சோதிக்க வழி இருக்கிறது. பறங்கி என்ற சொல் அடியின் முதலில் வருகிறதா? வந்தால் அடுத்த அடியின் முதற்சொல்லைப் பாருங்கள். எதுகை நிற்கிறதா? நின்றால் அந்தச் சொல் பாட்டோடு பிறந்தது, ஒட்டுப்போட்டது அல்ல. பார்த்துச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

இதற்குள் இன்னொரு விஷயம்: அந்தச் சுவடியில் ரசம், வீரம், பூரம், லிங்கம் என்று எது வந்தாலும் வீட்டில் தொடாதீர்கள். நான்கும் பாதரசமோ அதன் உப்போ. இந்த நோய்க்குக் கிழக்கிலும் மேற்கிலும் நானூறு வருஷம் பாதரசம் கொடுத்தார்கள். எச்சில் ஒழுகினால் நோய் வெளியேறுகிறது என்று ஐரோப்பிய டாக்டர்கள் மகிழ்ந்தார்கள். ஒழுகியது நஞ்சின் அறிகுறி. பல் ஆடும், ஈறு அழுகும், சிறுநீரகம் போகும்.

கேள்வி: பரங்கிமலையும் திருப்பரங்குன்றமும் இதே பறங்கியா?

திருப்பரங்குன்றம் இல்லவே இல்லை. சங்கப் பாடல்களிலேயே பரங்குன்று வருகிறது, பிராங்குகளை எந்த அராபியனும் பார்ப்பதற்கு முன்பே. பரங்கிமலை என்றால் பறங்கியர் குடியிருந்த மலை என்பது பொது விளக்கம். பிருங்கி முனிவர் மலை என்பாரும் உண்டு. ஊர்ப்பெயர் ஆராய்கிறவர்களிடம் கேளுங்கள், நான் புண்ணோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: வைசூரி என்ற பெயர் எப்படி வந்தது?

அம்மைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இன்று இல்லை.

கேள்வி (வரலாற்று ஆர்வலர்): கொலம்பஸ்தான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தாரா?

கொலம்பஸ் 1493-ல் திரும்பினார், 1495-ல் நேப்பிள்ஸ். காலம் ஒட்டுகிறது. அந்தக் கிருமிக் குடும்பம் அமெரிக்கக் கண்டத்தில் பழையது என்பதில் இப்போது சந்தேகம் குறைவு. பிரேசிலில் கிடைத்த சுமார் 2000 வருஷத்து எலும்புகளிலிருந்து அதன் மரபணுவைப் படித்து 2024-ல் வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அது சிபிலிஸ் கிளை அல்ல, பால்வினையில்லாத பெஜல் கிளை. அமெரிக்கச் சார்பு வாதத்துக்கு வலு கூடியிருக்கிறது, ஆனால் ஐரோப்பாவில் 1493-க்கு முன் எதுவுமே இல்லையா என்பதில் வழக்கு இன்னும் முடியவில்லை. என் பேச்சு பெயரைப் பற்றியது. பெயர் வைத்தவன் யாரைப் பார்த்து விரல் நீட்டினான் என்பதுதான் பெயரில் இருக்கும், கிருமி புறப்பட்ட இடம் இருக்காது.

கேள்வி (செவிலியர்): எங்கள் ஊரில் "பொம்பளச் சீக்கு" என்பார்கள். அதுவும் இதுதானா?

பால்வினை நோய் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர். விரல் நீட்டுவதற்கு வெளிநாட்டான் தீர்ந்துபோனால் அடுத்து யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வெள்ளைக்கார அரசு அதைச் சட்டமாகவே போட்டது. சிப்பாய்களுக்கு நோய் வராமலிருக்க 1868-ல் இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்து, பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயப் பரிசோதனை செய்து, நோயிருந்தால் பூட்டிவைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். சிப்பாயைப் பூட்டவில்லை. 1888-ல் அது ரத்தானது. என்னிடம் வந்த ஆண்களில் பாதிப் பேர் "அவளிடமிருந்து வந்தது" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். மனைவிக்குக் கொடுத்ததைப் பற்றி நான் கேட்டால்தான் சொல்வார்கள்.

கேள்வி: இன்று இப்படி நாட்டின் பெயரில் நோய்க்குப் பெயர் வைக்கலாமா?

கூடாது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஊர், இனம், ஆள், விலங்கு எதுவும் புதிய நோய்ப்பெயரில் வேண்டாம் என்று. மனிதர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்களா என்பதைக் கோவிட் சமயத்தில் நீங்களே பார்த்தீர்கள்.

கேள்வி: பறங்கிக்காய் சாப்பிட்டால் பறங்கிப்புண் வரும் என்கிறார்களே?

வராது. பொரியல் வைத்தாலும் வராது, அல்வா கிண்டினாலும் வராது. பூசணி சம்பந்தமான கேள்விகள் இத்துடன் மூடப்படுகின்றன.

கேள்வி: பறங்கிப்பட்டை நிஜமாகவே இந்த நோயைக் குணப்படுத்துமா? இன்றும் கடையில் கிடைக்கிறதே?

சிபிலிஸைக் குணப்படுத்தாது. அந்தக் காலத்தில் கேட்டதுபோல் தெரிந்ததற்குக் காரணம், மேலே சொன்னதுதான்: முதற்கட்டப் புண் எதைக் கொடுத்தாலும், எதையும் கொடுக்காவிட்டாலும், சில வாரத்தில் ஆறிவிடும். கிழங்குக்குப் பெயர் கிடைக்கும். பாதரசத்தைவிட ஒரு விஷயத்தில் உத்தமம்: ஆளைக் கொல்லாது. இன்று பறங்கிப்பட்டை சூரணம் சித்த மருத்துவத்தில் தோல் நோய்களுக்குப் பயன்படுகிறது. மதுஸ்நுகி என்ற பெயரில் ரசாயனமும் உண்டு. வேண்டுமானால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். பாட்டைப் பார்த்து நீங்களாக இடிக்காதீர்கள் (எத்தனையாவது தடவை?).

(சுவடி அன்பர்): பார்த்துவிட்டேன். "பறங்கி" அடியின் முதலில்தான் இருக்கிறது. அடுத்த அடி "இறங்கி" என்று தொடங்குகிறது.

அருமை! பறங்கி, இறங்கி. எதுகை கச்சிதம். வேறு எந்தப் பெயரை அங்கே வைத்தாலும் பாட்டு நொண்டும். ஆக அந்தச் சொல் ஒட்டுப்போட்டதல்ல, பாடியவர் வாயிலேயே இருந்தது. பாட்டு பறங்கியருக்குப் பிந்தியது. கூடவே தமிழாசிரியர் கேள்விக்கும் ஒரு சாட்சி கிடைத்தது: அந்தப் பாட்டைப் பாடியவர் காதில் அது வல்லின ற.

(அன்பர்): சரி, ஒப்புக்கொள்கிறேன். கடைசி ஏட்டில் "கீலக வருஷம் தை மாசம் எழுதி முடிந்தது" என்று இருக்கிறது. இதிலிருந்து எந்த ஆண்டு என்று சொல்ல முடியுமா?

கீலகம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும். 1788, 1848, 1908 மூன்றிலும் சித்திரையில் கீலகம் பிறந்தது. தை என்பதால் அடுத்த ஆங்கில வருஷத்து ஜனவரிக்குப் போய்விடும். மூன்றில் எது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அது பாட்டின் வயதும் அல்ல, படி எடுத்த வயதுதான். கிழமையோ நட்சத்திரமோ பக்கத்தில் எழுதியிருக்கிறாரா பாருங்கள். இருந்தால் பஞ்சாங்கத்தோடு ஒட்டிப் பார்த்துவிடலாம். ஏட்டை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.